வீட்டில் கட்டிய பக்கி வண்டி: இடது முன்சக்கரம் மேலே விரிந்து நிற்கிறது, கேம்பரை (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வை) எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: பாபநாசம் தோப்புக்காரன்

அனைவருக்கும் வணக்கம். பாபநாசத்தை அடுத்து, குடமுருட்டி ஆற்றங்கரையில் எங்களுக்குத் தென்னந்தோப்பும் அதை ஒட்டிக் கொஞ்சம் படுகை நிலமும் உள்ளன. தோப்புக்குள் சுற்றிவரவும், உரமூட்டையும் தேங்காயும் ஏற்றிவரவும் ஒரு பக்கி வண்டியை நானும் என் தம்பியும் 14 மாதங்களாகக் கட்டிவருகிறோம். சேசிஸுக்கான குழாய்களும் முன் ஆர்ம்களும் வெட்டி வளைத்த நிலையில் கிட்டாக வந்தன. பற்றவைப்பும் பொருத்தலும் எங்கள் கைவேலை. எஞ்சின் பழைய மாருதி 800 காரினுடையது. அதைப் பின்பக்கம் வைத்திருக்கிறோம்.

முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஏ வடிவ ஆர்ம்கள். கீழ் ஆர்மின் நுனியில் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு), மேல் ஆர்மின் நுனியில் 16 மி.மீ. ராட் எண்டும் (மரைத் தண்டோடு கூடிய உருண்டை மூட்டு) அதை இறுக்கும் லாக் நட்டும் உள்ளன. மரையின் இடைவெளி 1.5 மி.மீ. ரிம் 12 அங்குலம்.

வண்டி ஓடத் தொடங்கி மூன்று வாரமாகிறது. வேகம் 30 கி.மீ.-யைத் தாண்டினால் இடப்பக்கம் இழுக்கிறது. நெல் காயவைக்கும் எங்கள் சிமெண்ட் களத்தில் நிறுத்தி, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தேன். இடது ரிம்மின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பைவிட 9 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. வலது ரிம்மின் மேல் விளிம்போ 4 மி.மீ. உள்ளே சாய்ந்திருக்கிறது. ரிம்மின் விளிம்புக்கு விளிம்பு 335 மி.மீ. இருக்கிறது.

இடது ராட் எண்டை இரண்டு சுற்று உள்ளே திருகிப் பார்த்தேன். இழுப்பு ஓரளவு குறைந்தது, ஆனால் நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் வளையம் இடப்பக்கம் திரும்பியே நின்றது. பயந்துபோய்ப் பழையபடி வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் டிராக்டர் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன், முன்சக்கரம் மேலே விரிந்துதான் நிற்க வேண்டும், வலதையும் விரித்துவிடு என்கிறார். நான் படித்த குறிப்புகளோ மேல்பக்கம் உள்ளே சாய வேண்டும் என்கின்றன. எதைக் கேட்பது? குறுவை அறுவடை தொடங்கிவிட்டால் களம் நெல்லுக்குப் போய்விடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

மறுமொழி 1: மன்னார்குடி

ஆர்மில் கை வைக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முன் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவில் இருக்கிறதா? அடுத்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து ஆட்டிப் பாருங்கள். பேரிங்கிலோ பால் ஜாயிண்டிலோ ஆட்டம் இருந்தால், நீங்கள் எடுக்கும் அளவு ஒவ்வொரு முறையும் வேறாகத்தான் வரும்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற பணிமனை ஆசிரியர், கும்பகோணம்

தம்பி, உங்கள் கேள்வியில் அளவுகளை ஒழுங்காகக் கொடுத்திருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. முதலில் அந்த அளவுகளையே சந்தேகிக்கச் சொல்கிறேன், மனம் கோணாதீர்கள்.

நெல் காயவைக்கும் களத்தை யாரும் சமமாகப் போடுவதில்லை. மழை பெய்தால் நீர் தேங்காமல் வடிய வேண்டும் என்பதற்காகக் கொத்தனார் ஒரு பக்கம் வாட்டம் கொடுத்துத்தான் பூசியிருப்பார். கண்ணுக்குத் தெரியாத அந்த வாட்டம் தூக்குக்குண்டுக்குத் தெரியும். வண்டியின் இடப்பக்கம் தாழ்வாக நின்றால், வண்டி முழுவதுமே இடப்பக்கம் சாயும். இடது சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே போனதுபோலவும், வலது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே வந்ததுபோலவும் அளவு காட்டும். நீங்கள் எழுதியிருப்பது இதே வடிவில்தான் இருக்கிறது. இடது 9 மி.மீ. வெளியே என்றால் ஏறத்தாழ ஒன்றரை பாகை, வலது 4 மி.மீ. உள்ளே என்றால் முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவு. இவற்றில் சக்கரத்தின் பங்கு எவ்வளவு, களத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியாமல் ஒரு சுற்றுகூடத் திருகக் கூடாது.

பிரிக்க இரண்டு வழிகள் உண்டு. சக்கரங்கள் நிற்கும் நான்கு இடங்களையும் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் நான்கின் மட்டத்தையும் பாருங்கள்; தாழ்ந்த சக்கரங்களுக்கு அடியில் தரை ஓடோ ஒட்டுப்பலகையோ கொடுத்துச் சமமாக்குங்கள். முன்சக்கரத்தை மட்டும் உயர்த்திவிட்டுப் பின்சக்கரத்தை மறந்துவிடாதீர்கள். டியூப் லெவல் கிடைக்காவிட்டால், ஒருமுறை அளந்த பிறகு வண்டியை அதே குறிகளின் மேல் நேர் எதிராகத் திருப்பி நிறுத்தி மறுபடி அளந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு அளவுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். களத்தின் சாய்வு ஒருமுறை கூடியும் மறுமுறை குறைந்தும் வருவதால், சராசரியில் அது அடிபட்டுப் போகும்.

இது ஆடி மாதம். திறந்த களத்தில் காற்று தூக்குக்குண்டை ஒரு நொடிகூட நிற்கவிடாது. குண்டைப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் முழுகும்படி தொங்கவிடுங்கள். நூல் அடங்கி நிற்கும். பிறகு நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும், நூலுக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை எஃகு ஸ்கேலால் அரை மி.மீ. வரை படியுங்கள். டயரின் பக்கவாட்டிலிருந்து அளக்காதீர்கள். தரையைத் தொடும் இடத்தில் டயர் பிதுங்கியிருக்கும். ரிம்மே நெளிந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே காற்று ஊசி மேலே இருக்கும்போது ஒருமுறையும், வண்டியை உருட்டி ஊசி கீழே வந்ததும் ஒருமுறையும் அளந்து சராசரி எடுங்கள்.

இருக்கையில் ஆள் இருக்க வேண்டும். அளப்பவரே ஓட்டுநர் என்பதால் ஆளின் எடையை வைத்துவிடுங்கள். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றும், நிரம்பிய 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றும் சேர்ந்தால் 65 கிலோ. ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளந்துவிடாதீர்கள். தொங்கிய சக்கரங்கள் இறங்கும்போது பக்கவாட்டில் விரிய முயலும், டயர் சிமெண்டைப் பற்றிக்கொண்டு விடாது. அதனால் முன்பக்கம் இயல்பைவிடத் தூக்கலாக நிற்கும். ஐந்தாறு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, முன்பக்கத்தை இரண்டு தடவை அமுக்கிவிட்ட பிறகே அளவு எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்துவிட்டு, மேல் ராட் எண்டின் மையத்துக்கும் கீழ் பால் ஜாயிண்டின் மையத்துக்கும் உள்ள உயரம், ஸ்டீயரிங் ஆர்ம் (சக்கரத்தைத் திருப்பும் கை) ஆக்சிலுக்கு முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா, அதன் நீளம், கீழ் பால் ஜாயிண்டிலிருந்து டை ராட் (ஸ்டீயரிங்கிலிருந்து அந்த ஆர்முக்கு வரும் தண்டு) எவ்வளவு உயரத்தில் சேர்கிறது ஆகிய விவரங்களையும் எழுதுங்கள். அவை இல்லாமல் எத்தனை சுற்று என்று சொல்ல முடியாது.

மறுமொழி 3: ஒரத்தநாடு டிராக்டர் பட்டறை

அந்த மெக்கானிக் சொன்னது டிராக்டருக்குச் சரியான பேச்சு. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரு பின்னில் ஆடும் ஒரே கட்டை. சக்கரத்தை மேலே விரித்து வைத்தால் டயர் தரையைத் தொடும் இடம், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் நேருக்கு நெருங்கி வரும், எடையும் உள்பக்கத்துப் பெரிய பேரிங்கில் இறங்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியைச் சேற்று வயலில் திருப்புகிறவனுக்கு அந்த விரிவின் அருமை தெரியும். அது வளைவில் வேகமாகப் போகும் வண்டியும் அல்ல.

உங்கள் வண்டியில் இரண்டு முன்சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்குகின்றன. இடப்பக்கம் திருப்பினால் உடல் வலப்பக்கம் சாயும். எடை முழுவதும் விழும் அந்த வலது சக்கரத்தின் மேல்பக்கம் உடலோடு சேர்ந்து வெளியே போகும். நிற்கும்போதே அதைச் சற்று உள்ளே சாய்த்து வைத்தால்தான், பிடிமானம் வேண்டிய நேரத்தில் டயர் தரையில் நிமிர்ந்து உட்காரும். உங்களுக்குச் செங்குத்துக்கும் ஒன்றரை பாகை உள்சாய்வுக்கும் இடைப்பட்ட அளவு போதும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் எந்தச் சக்கரம் அதிகம் விரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி இழுக்கும். உங்கள் வண்டி இடப்பக்கம் இழுப்பதும் அதனோடு ஒத்துப்போகிறது.

இன்னொன்று. தோப்புக்குள் ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. ஆற்றங்கரைச் சாலையும் பொது இடம்தான்.

மறுமொழி 4: கடைசல் பட்டறை, திருவாரூர்

ராட் எண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பட்டறைக்கு முறிந்து வரும் பாகங்களில் மரை போதாமல் பிய்ந்தவற்றை அடிக்கடி பார்க்கிறேன். 16 மி.மீ. மரைக்குக் குறைந்தது 24 மி.மீ. ஆர்முக்குள் பிடித்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று தெரியாது. ஆகவே ராட் எண்டைக் கழற்றி, ஆர்மின் மரைக் கட்டையில் வாயிலிருந்து 24 மி.மீ. தள்ளி 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள். திரும்ப மாட்டியதும் துளைக்குள் ஒரு கம்பியை விட்டால் அது மரையில் இடிக்க வேண்டும். இடிக்காமல் உள்ளே போனால் அந்த ஆர்மோடு வண்டியை எடுக்காதீர்கள். மரை பிடிப்பு போதாமல் போவது வெளியே திருகும்போதுதான். உள்ளே திருகும்போது நுனி அடியில் முட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் கவலை.

போல்ட் மேலிருந்து கீழாகப் போகிறது என்றால் அரைச் சுற்றுக்கு ஒருமுறைதான் ராட் எண்டு சரியான நிலையில் வந்து நிற்கும். அதைவிட நுட்பமாகத் திருத்த வேண்டுமானால், ஒரு பக்கம் வல மரையும் மறுபக்கம் இட மரையும் வெட்டிய ஸ்லீவ் ஒன்றைக் கடைந்து இடையில் போடலாம். போல்ட்டைக் கழற்றாமலே நீட்டலாம், குறைக்கலாம். ஆனால் தோப்பு வண்டிக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

ராட் எண்டின் உருண்டை என்றாவது கழன்றாலும் ஆர்ம் விடுபடாமல் இருக்க, போல்ட்டின் தலைக்கு அடியில் ராட் எண்டின் கூட்டைவிட அகலமான வாஷர் ஒன்று கட்டாயம் போடுங்கள். படுகை மண் காய்ந்தால் சிமெண்டைப் போல இறுகுகிற மண். உருண்டைக்கு ரப்பர் உறை மாட்டி, மரையில் கிரீஸ் பூசிவிட்டால் அடுத்த ஆண்டும் கையால் திருக முடியும்.

கேள்வி கேட்டவரின் பதில்

அய்யா சொன்னபடி டியூப் லெவல் பிடித்தோம். வண்டி நின்ற இடத்தில் இடது சக்கரங்களின் தரை, வலதைவிட 18 மி.மீ. தாழ்வு. 14 மாதங்களாக அந்தக் களத்தில்தான் வேலை செய்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. 10 மி.மீ. ஒட்டுப்பலகையும் அதன்மேல் 8 மி.மீ. தரை ஓடும் வைத்து இடப்பக்கத்து இரண்டு சக்கரங்களையும் உயர்த்தினோம். யூரியா மூட்டையையும் தண்ணீர் கேனையும் இருக்கையில் வைத்து, உருட்டி அமுக்கி, வாளியில் குண்டை முழுகவிட்டு அளந்தோம். இடது மேல் விளிம்பு வெளியே 4.5 மி.மீ. மட்டும்தான்; வலது அரை மி.மீ. வெளியே. ஊசியைக் கீழே கொண்டுவந்து அளந்தபோது இரண்டு பக்கமும் அரை மி.மீ.-க்குள்தான் மாறியது. பேரிங்கில் ஆட்டம் இல்லை. இடது டயரில் காற்று குறைவாக இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு எடுத்த அளவுகள்தான் இவை.

ராட் எண்டுக்கும் பால் ஜாயிண்டுக்கும் இடையே உயரம் 210 மி.மீ. ஸ்டீயரிங் ஆர்ம் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது, நீளம் 110 மி.மீ. டை ராட் சேரும் இடம் கீழ் பால் ஜாயிண்டிலிருந்து 70 மி.மீ. மேலே.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற பணிமனை ஆசிரியர், கும்பகோணம்

நன்று. களத்தின் பங்கு முக்கால் பாகைக்கு மேல் இருந்திருக்கிறது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே இரண்டு பாகைக்கு மேல் தெரிந்த வேறுபாடு, இப்போது முக்கால் பாகைக்கும் குறைவு. மிச்சமிருப்பது மேல் ஆர்மின் நீளத்தில் உள்ள வேறுபாடு. வீட்டில் ஜிக் (பாகங்களைப் பிடித்துவைக்கும் சட்டம்) கட்டிப் பற்றவைத்த வேலைக்கு அது பெரிய பிழையே அல்ல.

இரண்டு பக்கமும் ஒரு பாகை உள்சாய்வு வைத்துக்கொள்வோம். உங்கள் ரிம்மில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 6 மி.மீ. ராட் எண்டு ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும், 210 மி.மீ. உயரத்துக்கு அது 0.4 பாகை. இடது சக்கரம் 0.77 பாகை வெளியே இருப்பதால் மொத்தம் 1.77 பாகை வர வேண்டும். நான்கரைச் சுற்று உள்ளே திருகுங்கள். வலதுக்கு 1.09 பாகை, இரண்டரைச் சுற்று போதும். இரண்டும் பத்தில் ஒரு பங்கு பாகைக்குள் ஒரு பாகைக்கு வந்துவிடும். உங்கள் ராட் எண்டு மேல் ஆர்மின் வெளிநுனியில் ஒற்றையாக இருப்பதால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) மாறாது. ஆர்மின் உள்பக்கத்து இரண்டு கால்களிலும் தனித்தனி ராட் எண்டு வைத்த வண்டியாக இருந்தால், இரண்டையும் சமமாகத் திருகாதவர் காஸ்டரையும் கெடுத்துக்கொள்வார்.

முன்பு இரண்டு சுற்று திருகியபோது ஸ்டீயரிங் வளையம் ஏன் திரும்பி நின்றது என்பதற்கு இப்போது விடை சொல்லலாம். மேல் நுனி உள்ளே வந்தால், கீழ் பால் ஜாயிண்டிலிருந்து 70 மி.மீ. மேலே இருக்கும் டை ராட் முனையும் அதில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வரப் பார்க்கும். டை ராடின் நீளம் மாறாததால் அது வர முடியாது. பின்னால் இருக்கும் ஸ்டீயரிங் ஆர்மை அது வெளியே தள்ளி நிற்பதுபோல் ஆகிவிடும். சக்கரத்தின் பின்பக்கம் வெளியே போக, முன்பக்கம் உள்ளே திரும்பும். இடது சக்கரம் இப்படி வலப்பக்கம் பார்த்ததால், நேராகப் போக நீங்கள் வளையத்தை இடப்பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று இரண்டு சுற்றுக்கு ஏறத்தாழ அரை பாகை. இப்போது நான்கரைச் சுற்றுக்கு இடது சக்கரம் ஒரு பாகைக்கு மேலும், இரண்டரைச் சுற்றுக்கு வலது அரை பாகைக்கு மேலும் உள்ளே திரும்பும். ரிம்மின் விளிம்பில் அளந்தால் இரண்டும் சேர்ந்து 10 மி.மீ.-க்கு மேல். கேம்பரைச் சரிசெய்துவிட்டு டோவை (சக்கரங்களின் முன்பக்கம் ஒடுங்கியோ விரிந்தோ நிற்கும் அளவை) அப்படியே விட்டால், ஒரே மாதத்தில் டயரின் வெளிவிளிம்பு தேய்ந்துவிடும்.

ஆகவே கேம்பர் முடிந்ததும் ஸ்டீயரிங் வளையத்தை நடுவில் கட்டிவைத்து, இரண்டு டை ராடையும் குறையுங்கள். வண்டியின் இருபுறமும், சேசிஸின் மையக்கோட்டுக்கு இணையாக, ரிம்மின் மைய உயரத்தில் பக்கத்துக்கொரு நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அளந்தால் ஒவ்வொரு சக்கரமும் தனியே எங்கே பார்க்கிறது என்று தெரியும். பின்சக்கரம் தள்ளும் வண்டி என்பதால் முன்சக்கரங்கள் ஓட்டத்தில் சற்று விரியப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து முன்பக்கம் 2 மி.மீ. ஒடுங்கியிருக்கட்டும். ராட் எண்டைத் திருகும்போது டயர் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, இரண்டு தகரத் துண்டுகளுக்கு இடையில் கிரீஸ் தடவி ஒவ்வொரு முன்சக்கரத்தின் கீழும் வைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

நேற்று முழுநாளும் உட்கார்ந்து முடித்தோம். இடது நான்கரை, வலது இரண்டரை. திருவாரூர் அண்ணன் சொன்ன துளையைப் போட்டோம். கம்பி இரண்டு பக்கமும் மரையில் இடிக்கிறது. போல்ட்டுகளுக்கு அகலமான வாஷரும் போட்டாயிற்று. கேம்பர் மட்டும் திருத்தியதும் டோவை அளந்தால் 11 மி.மீ. ஒடுங்கியிருந்தது. டை ராடுகளைக் குறைத்து 2 மி.மீ.-க்குக் கொண்டுவந்தோம்.

தோப்பின் நடுவரப்பில் 40 கி.மீ. வேகத்தில் வளையத்திலிருந்து விரலை எடுத்துப் பார்த்தேன். வண்டி நேராகவே போனது. உர மூட்டை ஏற்றாத நேரத்தில் மட்டும் மேட்டில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் துள்ளுகிறது. அது ஸ்பிரிங்கின் கதை என்று நினைக்கிறேன், தனியாகக் கேட்கிறேன்.

மறுமொழி 6: ஒரத்தநாடு டிராக்டர் பட்டறை

ஸ்பிரிங்கை மாற்றினாலோ அதன் இருக்கையை ஏற்றி இறக்கினாலோ வண்டியின் உயரம் மாறும், உயரம் மாறினால் கேம்பரும் மாறும். ஆகவே அந்த வேலை முடிந்த பிறகு இதே அளவுகளை மறுபடி எடுங்கள். களத்தில் நான்கு சக்கரமும் நின்ற இடங்களைச் சுண்ணாம்பால் அல்லாமல் பெயிண்டால் குறித்து, பலகை வைத்த பக்கத்தில் 18 என்று எழுதிவிடுங்கள். லாக் நட்டுகளை ஒரு வாரம் ஓட்டியதும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.